நகரி மலை தெரியும் காலை

பாய்மரக் கப்பல் காலத்தில் சென்னைக் கரையை நெருங்கும் மாலுமிகளுக்கு ஒரு மலைதான் அடையாளம். கரை தட்டையான மணல். கட்டடங்கள் கண்ணுக்குப் பிடிபடும் முன்பே, மேற்கே வெகு தொலைவில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மலை தெரிந்துவிடும். ஆங்கிலேயர் அந்தச் சிகரத்தை ‘நகரி மூக்கு’ என்றே அழைத்து, கடலிலிருந்து தெரியும் அடையாளம் என்று தங்கள் குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். கடல், மணல்மேடு, ஏரிகள், வயல்வெளி, அதற்கும் அப்பால் மலை. அத்தனையையும் தாண்டிப் பார்வை போகும்படி இருந்தது அன்றைய காற்று.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு மொட்டைமாடியில் ஏறி மேற்கே பாருங்கள். பெரும்பாலான நாள்களில் சாம்பல் நிறத் திரை ஒன்றுதான் தெரியும். உருக்காலைகளும் ரோலிங் மில்களும் விடும் புகை, நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகளின் புழுதி, கடலோர ஈரப்பதம் மூன்றும் கலந்த திரை. ஆனால் ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் வாரம் வரை சில காலைகள் வாய்க்கும். முந்தைய இரவு இடியும் மழையுமாகக் கொட்டி ஓய்ந்திருக்கும். விடியும்போது வடமேற்கில் நாகலாபுரம் மலைத்தொடர் முழுவதும், அதன் பள்ளங்களும் பாறை முகங்களும் உட்பட, யாரோ துடைத்துவைத்தது போல நிற்கும். தெற்கே தள்ளி நகரி மலையின் சாயலும் தெரியும். எட்டு மணி தாண்டினால் திரை மறுபடி விழுந்துவிடும். இந்தக் காலைகளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவன் நான்.

மேலை நாடுகளில் செப்டம்பர் கடைசி என்றால் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும் காலம். மலைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு அதுதான் திருவிழா. நம் வடதமிழ்நாட்டு மலைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். கோடையில் காய்ந்து பழுப்பேறிக் கிடந்த புதர்க்காடு, தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகளில் நனைந்து புரட்டாசியில் பச்சை கட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். அதற்குப் பிறகு மேகம் நாள் கணக்கில் மூடிக்கொள்ளும். ஆக, பச்சை, துவைத்த காற்று, திரண்டு எழும் வெண்மேகம் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான். செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிச் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது. வங்கக் கடலிலிருந்து எழும் முதல் வெயில் இந்த மலைகளின் கிழக்கு முகத்தில் நேராக அடிக்கும். மாலையில் சமவெளியிலிருந்து பார்த்தால் மலை வெறும் நிழலுருதான். படம் எடுக்க வேண்டியது காலையில்.

பகலும் இரவும் சமமாகும் நாள்களின் கணக்கு மலையடிவாரத்தில் எப்போதோ தெரிந்திருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவி பெயரால் அமைத்த நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் கோயில் மேற்கு நோக்கியது. மார்ச் மாதக் கடைசியில் சில மாலைகளில் வெயில் கோபுர வாசல் வழியே கருவறை வரை போய் மூலவர் மேல் விழும். ஒளி எந்த நாளில் எந்தக் கோணத்தில் வரும் என்று கணக்கிட்டுக் கல்லில் வைத்தவர்கள் வாழ்ந்த இடம் இது.

இந்த மலைகளைத் தேடி வந்த ஆய்வாளர்களும் உண்டு. 1863 செப்டம்பரில், இதே பருவத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய சக அலுவலர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரி கிடைத்த உற்சாகத்தில் தேடிக்கொண்டிருந்தார் ஃபூட். அத்திரம்பாக்கத்தின் ஓடைக் கரையில் கற்கருவிகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழாய்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-இல் அறிவித்தது. பக்கத்தில் அல்லிக்குழி மலையில் கூடியம் குகைகள். ஆற்றில் உருண்ட கூழாங்கற்கள் மண்ணோடு இறுகிப் பாறையான மலை அது. அந்தக் கற்களிலிருந்துதான் ஆதி மனிதன் கோடரி செதுக்கினான்.

அப்போது சென்னையில் புகைப்படக்கலை இல்லாமலில்லை. 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது. இன்றும் நடந்துவருகிறது. டிரைப் தன் கருவிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, ராயக்கோட்டை என்று சுற்றினார். மதுரை யானைமலையை அவர் எடுத்த படத்தை இன்று பார்த்தாலும் பாறையின் சொரசொரப்பு விரலில் உறைக்கும். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். இலை அசைந்தால் படம் கலங்கும்.

அந்தக் கால நெகட்டிவுக்கு ஒரு குறை. நீல ஒளி ஒன்றைத்தான் அது நன்றாக உணரும். வானம் முழுக்க நீலம் என்பதால், வானம் அளவு மீறிப் பதிந்து படத்தில் வெள்ளையாக வெளிறிவிடும். மேகம் இருந்தாலும் தெரியாது. அதனால் டிரைப் நெகட்டிவின் மேல் நிறம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். சில படங்களில் இலைகளையும் திருத்தினார். தூரத்து மலைக்கும் இதே கதி. தூசும் ஈரமும் சிதறடிக்கும் ஒளி நீலம் கலந்தது. அந்த மங்கலை நெகட்டிவ் பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த மலை, படத்தில் ஆவியாகப் போகும். 1860-இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அந்தப் புகைப்படப் பிரிவையே, நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலைப் புகைப்படம் என்றால் நீலகிரிதான். சாமுவேல் போர்ன் ஊட்டிக்கு வந்து எடுத்தார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்பர்ட் பென் ஊட்டியிலேயே ஸ்டூடியோ வைத்து ஆயிரம் கோணங்களில் எடுத்துத் தள்ளினார். வெள்ளைக்காரர்கள் கோடைக்குப் போய்த் தங்கிய இடம், ஆல்பம் வாங்கக் கையில் காசிருந்த இடம் அது. அதன் பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம். புல்வெளியாக இருந்த நீலகிரிச் சரிவுகள் எப்படிச் சீகை மரமாகவும் தைல மரமாகவும் தேயிலையாகவும் மாறின என்று அந்தப் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்று, இன்று என்று இரண்டு படம் போட முடிகிறது. திருவள்ளூர்ப் பக்கத்து மலைகளுக்கு அது முடியவில்லை. நான் புரட்டிப் பார்த்த பழைய ஆல்பங்களில் ஊட்டி இருக்கிறது, குன்னூர் இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது. நாகலாபுரம் மலை இல்லை. சென்னைக்கு இவ்வளவு அருகில் இருந்தும், குளிராத மலை என்பதால், யாரும் கேமராவை அதன் பக்கம் திருப்பவில்லை.

அரசியலும் இந்த மலையைக் கொஞ்சம் தள்ளிவைத்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் பார்க்கும் மலை அடுத்த மாநிலத்து மலை ஆயிற்று. மலை நம் பள்ளிப் பாடப் படத்திலும் வரவில்லை, நம் மாவட்டச் சுற்றுலாக் கையேட்டிலும் வரவில்லை. ஆனால் அதில் பெய்யும் மழை இன்றும் ஆரணியாறாகப் பிச்சாட்டூர் அணை கடந்து ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குத்தான் வருகிறது.

பிலிம் காலத்தில் இங்கே வாரக் கடைசியில் மலைக்குக் கேமராவோடு போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர்கள். முகூர்த்தம் இல்லாத புரட்டாசி அவர்களுக்கு ஓய்ந்த மாதம். கல்யாண ஆர்டர் வராது. சனிக்கிழமை பெருமாள் சேவிக்கிற சாக்கில் நாகலாபுரத்துக்கோ திருத்தணிப் பக்கத்துக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். இரவு சத்திரத்திலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ படுக்கை. விடியற்காலையில் ஆடு மேய்க்கிறவர்கள் காட்டிய தடத்தில் ஏறுவார்கள். கையில் இருப்பது 120 ரோல் ஒன்று. அதில் 12 படம். நடுத்தர வசதிக்காரர்களுக்கு 35 மி.மீ. ரோல், அதில் 36. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் கடைகளில் சுலபமாகக் கிடைத்தது. தூசில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் பிலிம் தொழிற்சாலையை மலைமேல் கட்டினார்கள்.

12 படம்தான் என்றால் மனிதன் எப்படி நிற்பான் என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ட்ரைபாடை ஊன்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேகம் நகர்ந்து நிழல் விலகி வெயில் பாறை மேல் விழும் வரை காத்திருப்பார்கள். லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி பில்ட்டர். டிரைப் காலத்து நோய்க்கு அதுதான் மருந்து. எல்லா நிறமும் உணரும் பிலிம் வந்துவிட்டதால், சிவப்புக் கண்ணாடி நீலத்தைத் தடுக்க, வானம் கறுத்து மேகம் வெள்ளையாக எழும். தூரத்து மங்கலும் குறைந்து மலை கிட்ட வரும். ஊர் திரும்பி, ரோலைக் கழுவி, நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதுதான் என்ன கிடைத்தது என்று தெரியும். அந்த நெகட்டிவ்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது பல ஊர்களில் பழைய நெகட்டிவ் டப்பாக்கள் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிப் போயின. மணமக்கள் படமாவது அவரவர் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். மலைப் படத்துக்கு வீடு ஏது? அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இன்றைய காட்சி முற்றிலும் வேறு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தடா, வரதையபாளையம் சாலையில் பைக்குகள் வரிசையாகப் போகின்றன. உப்பலமடுகு அருவியை நம்மவர்கள் தடா அருவி என்பார்கள். அதன் வாசலில் ஆந்திர வனத்துறை கட்டணச் சீட்டுக் கொடுக்கிறது, பையைச் சோதிக்கிறது. 2008-இல் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப் நாகலாபுரம் மலையின் ஓடைகளையும் குட்டைகளையும் ஆயிரக்கணக்கான நகரத்து இளைஞர்களுக்கு அறிமுகம் செய்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் கடிவாளம் விழுந்தது. அது வேண்டியதுதான். 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று அரசே 40 தடங்களை இணையவழி முன்பதிவோடு திறந்தது. அதில் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது கூடியம் குகைத் தடம். மலையடிவார ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். குகையின் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டித் தொங்கும். சத்தம் போடக்கூடாது, பிளாஷ் அடிக்கக்கூடாது. அங்கே அதைச் சொல்ல ஒரு ஆள் இருப்பதே பெரிய மாற்றம்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. படம் எடுப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள், ஊர்க்காரர்களும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும், வீக் ஆஃப் கிடைத்த நாளில் கைப்பேசியோடு கிளம்புகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் நேராகக் கண்ணன்கோட்டை ஏரிக்கரைக்குப் போகும் ஒரு ரோலிங் மில் தம்பியை எனக்குத் தெரியும். “அண்ணா, உள்ள எட்டு மணி நேரம் செவப்பு இரும்பையே பாத்துட்டு வெளிய வந்தா, அந்தப் பச்சையப் பாக்கணும்போல இருக்கு” என்றார். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னைக் குடிநீருக்கான ஐந்தாவது ஏரி. காற்றில்லாத காலையில் மலைத்தொடர் அந்த நீரில் தலைகீழாக நிற்கும். அந்தப் பிம்பத்தை அங்கிருந்து எடுக்க முடிந்த முதல் தலைமுறை இதுதான்.

அதே கரையில் திரும்பி நின்றால் தேர்வாய்கண்டிகை சிப்காட்டின் கொட்டகைகள். அந்த நிலம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தங்களுக்கு இருந்தது என்று ஊர் மக்கள் போராடிய இடம். வடக்கே, மலைக்கும் நமக்கும் நடுவில், 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. நகரி மூக்கைக் கடலிலிருந்து பார்த்த காலத்தில் நடுவில் இருந்தது ஏரியும் புதர்க்காடும். இப்போது நடுவில் இரண்டு மாநிலங்களின் தொழிற்பேட்டைகள். மலையை மட்டும் அழகாகக் கத்தரித்து எடுக்கிற படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கொட்டகையும் புகைபோக்கியும் மின்கோபுரமும் முன்னால், மலை பின்னால், என்று எடுக்கும் படம்தான் இந்த ஊரின் நிலக்காட்சி. அதை எடுக்கக் கூச்சப்படக் கூடாது.

கைப்பேசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒரே அமுக்கலில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் குழைக்கிறது. வானம் எது, இலை எது என்று தானே பிரித்து, வானத்தை நீலமாக்கி, இலையைப் பச்சையாக்கித் தருகிறது. திருத்தும் செயலிகளில் மங்கலைத் துடைக்க ஒரு தனிக் குமிழ். இழுத்தால் புகை போய்விடும். இன்னும் சிலவற்றில் வேறெங்கோ எடுத்த வானத்தையே கொண்டுவந்து ஒட்டலாம். டிரைப் மேகத்தைத் தீட்டியபோது அவர் நெகட்டிவால் பார்க்க முடியாததைச் சேர்த்தார். நாம் இன்று நம் கேமரா தெளிவாகப் பார்த்ததை அழிக்கிறோம். ஆவணியிலும் மார்கழியிலும் ஒரே மாதிரித் துல்லியமாக நகரி மலை தெரிகிற படங்களை 50 ஆண்டு கழித்து யாராவது எடுத்துப் பார்த்தால், கும்மிடிப்பூண்டிக் காற்று அப்பழுக்கில்லாமல் இருந்தது என்றுதான் நினைப்பார்கள். இங்கே மூச்சு விடுகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது.

உலகின் மற்ற மலைகளில் பழைய படங்களை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எவரெஸ்டின் வடபுறத்தில் 1921-ஆம் ஆண்டுப் பயணத்தில் மலையேறி மல்லோரி எடுத்த ரோங்புக் பனியாற்றின் படத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்தைத் தேடிப் போய் நின்றார் மலையேறியும் படப்பிடிப்பாளருமான டேவிட் பிரஷர்ஸ். 2007-இல் அவர் எடுத்த படத்தில் பனியாறு வெகுவாக ஆழம் இறங்கிக் கிடந்தது. எந்த அறிக்கையும் செய்யாத வேலையை அந்த இரண்டு படங்கள் செய்தன. மல்லோரி எங்கே நின்றார் என்று கண்டுபிடிக்க முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

நம் மலைக்கு ‘அன்று’ என்று காட்டப் படம் இல்லை. அதனால் இன்று எடுப்பதுதான் நாளைக்கு ‘அன்று’ ஆகும். அதற்கேற்ற முறையில் எடுக்க வேண்டும் என்பதே, இந்தப் புரட்டாசியில் கேமராவோடு கிளம்பும் எல்லாத் தம்பி தங்கைகளிடமும் நான் கேட்பது. அழகுக்காக எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், நானும் எடுக்கிறேன். அதோடு, ஆண்டுதோறும் போய் நிற்கக்கூடிய ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண்ணன்கோட்டைக் கரையில் ஒரு மைல்கல் பக்கம், கூடியம் தடத்தில் சமவெளி தெரியும் ஒரு பாறை, சிப்காட்டில் உங்கள் அறையின் மொட்டைமாடி, எதுவானாலும் சரி. பெரிதாக்காமல், சாதாரண லென்ஸில், கிடைமட்டமாக ஒரு படம். மங்கலைத் துடைக்காதீர்கள். மலை தெரியாத நாளிலும் அதே இடத்திலிருந்து ஒன்று எடுங்கள். தெரியாததும் ஒரு தகவல்தான்.

பிறகு அதை அச்செடுங்கள். கைப்பேசி தொலையும், கணக்கின் கடவுச்சொல் மறக்கும், ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோகும். நல்ல தாளில் போட்ட படம் தலைமுறை தாண்டும். டிரைப்பின் படங்கள் 160 ஆண்டுகளுக்கு மேல் தாண்டியிருக்கின்றன. பின்புறம் மெல்லிய பென்சிலால் தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை, முந்தைய இரவு மழை பெய்ததா என்பதை எழுதுங்கள். பேனா மை வேண்டாம், ஊறிவிடும். இரண்டு பிரதி போட்டு ஒன்றை வீட்டில் வையுங்கள். இன்னொன்றை எங்கே கொடுப்பது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது; ஃபூட் கண்ட கற்கோடரிகள் கிடைத்த மண்ணின் கதையைச் சொல்லும் இடம் அது, அந்த மண்ணுக்கு மேலே நிற்கும் மலையின் படமும் அங்கே இருப்பது பொருத்தம். ஒரு அலமாரித் தட்டு போதும். இரண்டு இடத்திலும் நேரில் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஐந்தாறு பேர் படத்தோடு கூட வந்தால் கேட்பது சுலபமாக இருக்கும்.